காலை எடுத்தால் நின்றுவிடும்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுவது. நேற்று நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றேன். நம் கார் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே உயிரை விட்டுவிடுகிறது. அதனால் வலது காலைக் குறுக்கே போட்டு, விரலால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலரேட்டரையும் மிதித்துக்கொண்டு நிற்பதுதான் என் வழக்கம். வண்டி உர்ர், உர்ர் என்று உறுமிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பைக்கில் ஒருத்தன். என்னைத் திரும்பிப் பார்த்தான், ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றினான், அவனும் உறுமினான். பச்சை விழுந்ததும் பறந்துவிட்டான். அடுத்த சிக்னலில் நான் வந்து சேரும்வரை காத்திருந்து, "பரவால்ல ஆன்ட்டி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றான். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பின்னால் மூன்றடி மீன் தொட்டி.

உன் அண்ணன் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது அவர் கண்ணாடி ஒட்டிச் செய்து வைத்த தொட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட வேறு யார் இருக்கிறார்கள்? நீ போனதிலிருந்து உன் போன் அடித்தால் ஒருத்தி வந்து இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள். உன் பழைய முதலாளிதான் சொன்னார், மலையில் சுரங்கம் குடைகிற இடத்தில் மெஷின் பார்க்கிறாய், அங்கே டவர் கிடையாது, சாமான் வேன்தான் தபாலும் ஏற்றிக்கொண்டு போகும் என்று. ஏழாவதோடு பேனாவை வைத்தவளை எழுத வைத்துவிட்டாய், பாவி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் கத்தியது எனக்கும் காதிலேயே இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, நர்ஸ், வேன் டிரைவர், என் தங்கச்சி எல்லாரும் நிற்க, "இவன் கை வச்ச வண்டிங்க. கூடப் பொறந்தவனே என்னைக் கொல்லப் பாத்துட்டான்" என்றார். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் உன் அறையில் போர்வை மடித்து வைத்திருந்தது, நீ இல்லை.

காலை எடுத்தாலும் எஞ்சினுக்குக் காற்று விடுகிற அந்த ஐட்லிங் வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டியது நீ. அடுத்த மாதம் வண்டி சந்திப்பு நடுவில் நின்று, வேன் வந்து இடித்து, அவர் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டும் உண்மை. ஒன்றால்தான் இன்னொன்று வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் இடிபட்ட கதவை மாற்றிக் கொடுத்தார்கள், கோளாறை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினோராம் தேதி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மடக்க முடியாத காலோடு அவர் ஏறக்கூடிய வண்டி நம்முடையதுதான், தொட்டிக்காகப் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டிருப்பதால். வழியும் அதே சந்திப்புதான். நான் என்ன செய்யட்டும், சொல்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வண்டியைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுங்கள். நான் கை வைத்தால் என்ன ஆகும் என்று அண்ணன் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். இனி வாய் வைத்தும் ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பேரைக் கொன்றவன் ஆகிவிடுவேன்.

இங்கே வேலை நன்றாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு நீட்டித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.

பி.கு. காலை எடுத்ததும் மீட்டர் முள் மெதுவாக இறங்கி நிற்கிறதா, சட்டென்று விழுகிறதா? எஞ்சின் சூடான பிறகு கொஞ்சமாவது தேவலையா?


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

கேட்காதே என்று ஆறு வரி, கேள்வி இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காகத்தான் தபால் தலை ஒட்டினாய் என்று எனக்குத் தெரியாதா? கையெழுத்துக்கூடப் போட மறந்துவிட்டாய்.

முள் சட்டென்று விழுகிறது, மாடியிலிருந்து பூந்தொட்டி விழுகிற மாதிரி. சூடானாலும் அதே கதைதான். முனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து, பாதி எஞ்சினைக் காட்டி, "இதெல்லாம் மாத்தணும்கா" என்றார். எஞ்சினை விட்டுவிட்டு மீதிக் காரை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

இனி சிரிக்க ஒன்றுமில்லை. பதினோராம் தேதி போனோம். உன் அண்ணன் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சந்திப்பில் எதிர்ப்பக்க வண்டிகளுக்கு வழிவிட்டுத் திரும்பும்போது என் குதிகால் வழுக்கிவிட்டது. வண்டி நின்றுவிட்டது, அவர் நின்ற அதே இடத்தில். சாவியைத் திருப்புகிறேன், பிடிக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து ஒரு பஸ் வருகிறது, ஹார்னிலிருந்து கையை எடுக்காமல். எனக்கு ஸ்டீயரிங் தெரியவில்லை, பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. பஸ் எங்களை உரசாமல் போனதற்கு அந்த டிரைவரின் பிரேக்தான் காரணம், என் சாமர்த்தியம் இல்லை.

கண்ணாடியில் உன் அண்ணனைப் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. "பாத்தியா, அவன் பண்ண வேலைய" என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், தினமும் மூன்று வேளை மாத்திரையோடு அதையும் சொல்லுவாரே. அன்றைக்கு அது வரவில்லை. முகம் தொட்டிக் கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்தும் அப்படியே.

அடுத்த மாதம் பதினோராம் தேதி மறுபடி போக வேண்டும், கட்டைப் பிரிக்க. அதற்குள் நான் அந்த வால்வைக் கழற்றத்தான் போகிறேன். நீ சொன்னால் சொல்கிறபடி கழற்றுவேன், சொல்லாவிட்டால் சப்பாத்திக் கரண்டியால் நெம்புவேன். உன் இஷ்டம்.

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

கரண்டியால் நெம்ப வேண்டாம். தயவுசெய்து.

பஸ் விஷயத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. இங்கே எங்களோடு இருக்கும் சமையல்காரர் வயிற்றுவலி மாத்திரை கொடுத்தார், வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்கிறேன். நான் வால்வைச் சுத்தம் பண்ணியபோது புது ரப்பர் ரிங் கடையில் இல்லை. பழைய ரிங்கையே துடைத்து மாட்டினேன், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. லேசாகக் காற்று இழுத்தது, உஸ் என்று ஒரு சத்தம். அதனால் வண்டி நிற்காது, கொஞ்சம் அதிகமாக ஓடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அந்த ரிங் கிழிந்து உள்ளே இழுபட்டுக் காற்றுத் துவாரத்தை அடைத்திருந்தால், காலை எடுத்ததும் எஞ்சினுக்கு மூச்சு கிடையாது. செத்துப்போகும். அப்படி ஆகியிருந்தால் அண்ணன் சொன்னதுதான் சரி. அதனால்தான் அன்றைக்கு என்னால் பதில் பேச முடியவில்லை.

இந்த உறைக்குள் புது ரிங் இருக்கிறது. கேளுங்கள், அவசரப்படாமல்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். முதலில் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிடுங்கள். காற்று போகிற பெரிய குழாயைத் தொட்டுக்கொண்டே வந்தால் அது முடிகிற இடத்தில், உங்கள் கட்டைவிரல் அளவு ஒரு கறுப்பு உருளை பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வால்வு. அதன் பிளக்கில் ஒரு நாக்கு இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு ஸ்க்ரூ. கீழே இருப்பது தேய்ந்தது, உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்து அமுக்கிக்கொண்டு திருப்பினால்தான் வரும். வால்வின் முனையில் கூம்பு மாதிரி ஒரு முள் இருக்கும். அதை உள்ளே அமுக்கவோ முறுக்கவோ கூடாது, உள்ளே இருக்கிற சின்ன மோட்டார் போய்விடும். முள் கீழே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, க்ளீனரைப் பிரஷ்ஷில் அடித்துத் தேயுங்கள். நேராக அடித்தால் மருந்து மோட்டாருக்குள் இறங்கிவிடும். வால்வு உட்காருகிற குழியையும் கரி போகத் துடைக்க வேண்டும். காய்ந்ததும் புது ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள். பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. ரிங் போதும். ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அளவாக. பேட்டரியை மாட்டிய பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் பண்ணி விட்டுவிடுங்கள், அதுவே பழகிக்கொள்ளும்.

கழற்றும்போது பழைய ரிங் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று எழுதுங்கள். அண்ணி, நீங்கள் எதையும் சிரிப்பாக்கிச் சொல்லி ஆளைத் தேற்றிவிடுவீர்கள். இதில் அது வேண்டாம். எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்து, "உள்ள மோதிரமாம்மா?" என்றார். ஆமாம், கொழுந்தன் அனுப்பியது என்றேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பு இவ்வளவுதான்.

ரிங் கிழியவில்லை. பழையதாக, தட்டையாக, முழுசாக இருந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

நேற்று மத்தியானம் வாசலில் வைத்துத் திறந்தேன். உன் அண்ணன் ஜன்னல் பக்கம் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். "என்னடி பண்றே?" என்றார். எலி புகுந்திருக்கிறதா பார்க்கிறேன் என்றேன். பிளக்கைக் கழற்றும்வரை சும்மா இருந்தார். ஸ்க்ரூ டிரைவரை வால்வில் வைத்ததும், "அதத் தொடாத" என்றார். நான் எதைத் தொடப்போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கை நின்றுவிட்டது. அப்புறம் அமுக்கித் திருப்பினேன்.

வால்வு வரவே மாட்டேன் என்றது, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. ஆட்டி ஆட்டி எடுத்தால் சுற்றிலும் ஜவ்வு. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி நிறத்தில் ஒரு கட்டி, பெட்ரோல் குடித்து ஊதி, துவாரத்தின் வாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நகத்தால் கிள்ளினேன். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது, அவர் சட்டைக் காலரில் இருக்கிறது, கத்தரிக்கோல் பிடியில் இருக்கிறது. தொட்டி ஒட்டுகிற அந்த சிலிக்கான் பசையோடுதான் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்துகிறேன்.

கட்டியை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். பின்னால் சுவரோரம் தண்ணீர் நிரப்பிச் சோதனைக்கு வைத்திருந்த தொட்டியைப் பார்த்தார்.

"இது என்னுதுதான்" என்றார்.

"எப்ப வச்சீங்க?"

"அவன் மாட்டின ரெண்டாம் வாரம். உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. காத்து ஒழுகுதுன்னு நெனச்சேன். ஒழுகினா அடைக்கறதுதானே என் வேலை. கழட்டி நல்லா வச்சு அமுக்கிட்டேன்."

"அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையா?"

"ஒழுக்க அடைக்கறதுக்கு அவன்கிட்ட என்ன கேக்கறது?"

"ஆஸ்பத்திரியில கத்தும்போது இது ஞாபகம் இல்லையா?"

காலில் போட்டிருந்த மாவுக்கட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "கத்தும்போது இல்ல. கத்தி முடிச்சு, உள்ள தள்ளிட்டுப் போகும்போது ஞாபகம் வந்துச்சு. அப்ப எல்லாரும் கேட்டுட்டாங்க" என்றார்.

அப்புறம், "அவனுக்கு எழுதிடாத. நானே சொல்லிக்கறேன்" என்றார். எப்போது என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். நான் எழுதத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டே எழுதுகிறேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறார், தூங்கவில்லை.

ஜவ்வையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன், கரியும் வந்தது. ரிங்கை ஆயில் தடவி மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணினேன், ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. மீட்டர் முள் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி, ஒன்றுக்குச் சற்றுக் கீழே நிலைத்தது, எஞ்சின் நிற்கவில்லை.

நீ கேட்ட உண்மை இதுதான். உன்னிடம் இதைச் சொல்வதால் அவரைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று கை கூசுகிறது. சொல்லாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுத்தது ஆகும்.

அண்ணி


ஜூலை 4

அண்ணிக்கு,

ரிங்கை லைட்டில் பிடித்து நாலு தடவை பார்த்தேன். முழுசாக இருக்கிறது.

அந்த சிலிக்கான் தண்ணீருக்குத்தான் ஆகும். பெட்ரோல் ஆவி பட்டால் ஊறி வீங்கும். எங்கள் பட்டறையில் நேற்று வந்த ஆளுக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரே வீட்டில், நடுவில் ஒரு கதவு.

அவருக்கு அன்றைக்கே தெரியும் என்பதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. இந்த மலைக்குள் உட்கார்ந்துகொண்டு, ரிங் எந்தப் பக்கம் கிழிந்திருக்கும், எப்படி உள்ளே போயிருக்கும் என்று தினமும் மனசுக்குள் அந்த வால்வைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மெஷினை முடித்து மூடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை சரி பார்க்கச் சொல்கிறேன். இங்கே என்னை 'டபுள் செக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீட்டிப்புக்கு இந்த மாதக் கடைசியில் கையெழுத்து வாங்குகிறார்கள். போடப்போகிறேன்.

அவருக்காக நீங்கள் எழுத வேண்டாம். நீங்கள் சொன்னால் நான் இறங்கிவந்துவிடுவேன், அதனால் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால் அவர் சொல்லட்டும். எல்லார் முன்னாலும் சொன்னவர்தானே.

நீங்கள் ரிங்கை மாட்டிய விதம் சரி.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடமே நீட்டிவிட்டேன். படித்தார். மடித்தார். இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார், ஒற்றைக் காலில்.

பதினோராம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சந்திப்பில் காலை எடுத்தேன். நிற்கவில்லை. எதிரில் வந்ததையெல்லாம் போகவிட்டு, சாவதானமாகத் திரும்பினேன். பின்னாலிருந்து அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கட்டைப் பிரித்து வெளியே வந்ததும், வராந்தாவில் அன்றைக்கு இருந்த அதே நர்ஸ் போய்க்கொண்டிருந்தாள். இவர் ஊன்றுகோலைத் தட்டி நிறுத்தினார். பெஞ்சில் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். "சிஸ்டர், அன்னைக்கு நான் எந்தம்பியப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்புங்க. கோளாறு நான் பண்ணினது. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார், பெரிய குரலில். நர்ஸ் இவரை மேலும் கீழும் பார்த்து, "எந்தத் தம்பிங்க?" என்றாள். அவளுக்கு இவரையே ஞாபகம் இல்லை. "தெனம் எத்தன பேர் கத்துறாங்க, போய் உக்காருங்க" என்றாள். ஆனாலும் இவர் விடவில்லை. பெஞ்சில் இருந்தவர்களிடம் திரும்பி இன்னொரு தடவை முழுசாகச் சொன்னார். ஒரு பெரியவர் மட்டும், "சரிப்பா, அத அவன்கிட்ட சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எழுதினார். என்னைக் கிட்டே விடவில்லை. எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தார், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. எவ்வளவு கிழித்தார் என்று குப்பைக்கூடைக்குத்தான் தெரியும். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உறை கனமாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படி. நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான். படித்த பிறகு போட்டாலும் சரி.

இன்று காலை, "நானே போய்ப் போடறேன்" என்றார். தபாலாபீஸ் வாசலில் நிறுத்தினேன். பின்னால் கால் நீட்டி வந்த ஆள் இன்று முன் சீட்டில். நான் இறங்கி வந்து பிடிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஒரு நிமிஷ வேலைக்கு எதற்கு என்று எஞ்சினை அணைக்கவில்லை. அவர் இறங்கி, ஊன்றுகோலை இழுத்தார். அது கதவில் இருந்த பூட்டுப் பொத்தானில் இடித்துக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தினார். படியில் அவர் தடுமாறுகிற மாதிரி இருந்தது, நானும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். அவர் தடுமாறவில்லை. உறையைப் பெட்டிக்குள் போட்டு, விழுந்துவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டார்.

திரும்பி வந்தால் நான்கு கதவும் பூட்டியிருந்தது. சாவி உள்ளே. இன்னொரு சாவி வீட்டில், வீட்டுச் சாவி இந்தச் சாவியோடு.

தபாலாபீஸில் காகிதம் வாங்கி, வெளி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பூட்டுத் திறக்கிறவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது, சாப்பிடப் போயிருக்கிறாராம். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டால் புதுசு நானே வெட்டிப் போட்டுவிடுகிறேன் என்கிறார் உன் அண்ணன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது.

அண்ணி